பதகளிப்புக்கு மருந்துண்டு: முதல் இரு வாரம் பொறுமை வேண்டும்

நோய்களுள் சில தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டு வரும். காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். மூட்டுவாதம் வந்தால் கால் மடங்காது. வேறு சில நோய்களோ மற்றொரு நோயின் வேடத்தைப் பூண்டு வந்து, நோயாளியையும் வீட்டாரையும் ஒருங்கே ஏமாற்றிவிடும். இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட நோய் அத்தகையது. இருதய நோயின் வேடத்தில் வருவது அது. ஆனால் இருதய நோயன்று.

சோறு உண்டுகொண்டிருக்கையிலோ, பஸ் வண்டியில் அமர்ந்திருக்கையிலோ, நல்ல உறக்கத்தின் நடுவிலோ, யாதொரு காரணமுமின்றி நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கும். மூச்சு முட்டும், கை கால் விறைக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும். இதோ உயிர் போகப்போகிறது, அல்லது புத்தி பேதலிக்கப் போகிறது என்ற திகில் பற்றிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் இத்துன்பம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துள் தானே தணிந்துவிடும். இதனை நம்மவர் நெஞ்சுப் படபடப்பு என்றும் பதகளிப்பு என்றும் கூறுவர். வைத்தியர்கள் இதற்குப் பீதித் தாக்கம் என்று பெயரிட்டிருக்கின்றனர். இத்தாக்கம் மீண்டும் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது வருமோ என்னும் அச்சத்தால் ஒருவரை முடக்கிவிடுமாயின் அதுவே பீதி நோய் எனப்படும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்காக வருகிறது. பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே தொடங்குகிறது.

இந்நோய்க்கு மருந்துண்டு, அது நல்ல மருந்துமாகும். ஆயினும் அம்மருந்தைத் தொடங்கிய முதற் சில நாட்களில் நோய் குறைவதற்கு மாறாகக் கூடிவிட்டாற்போலத் தோன்றுவதுண்டு. இதை முன்கூட்டியே அறியாதவர்கள், “மருந்து ஒத்துவரவில்லை” என்று மூன்றாம் நாளே மாத்திரையை எறிந்துவிடுகின்றனர். எறிந்தது மாத்திரையை மட்டுமன்று. குணமடையும் வாய்ப்பையும் அதனோடு சேர்த்து எறிந்துவிடுகின்றனர். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்று நம் பெரியோர் சொல்வர். அப்பழமொழி இம்மருந்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கரையோர ஊர்களில்

பெரிய நீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கடலோரமாக வீதி நெடுக நெருங்கி நிற்கும் ஊர்களில், இந்நோய் கண்டவரின் வழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நள்ளிரவில் மூச்சு முட்டுகிறது. வீட்டார் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றனர். இருதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்க்கும் வைத்தியர், இருதயத்தில் கோளாறு இல்லை என்கிறார். “ஒன்றுமில்லை” என்ற அச்சொல் வீட்டாருக்கு ஆறுதல். நோயாளிக்கோ அதுவே புதிய வேதனை. இவ்வளவு பட்டும் ஒன்றுமில்லை என்கிறார்களே, நான் நடிப்பதாக எண்ணுகிறார்களோ என்று அவர் மனம் நோகிறது. இருதயத்தில் ஒன்றுமில்லை என்பதே வைத்தியர் சொன்னதன் பொருள். நோயே இல்லை என்பதன்று.

இதன்பின் ஓதிப் பார்த்தல், தண்ணீர் ஓதிக் குடித்தல், நூல் கட்டுதல் ஆகியவை நடைபெறும். கண்ணூறு என்பாரும், ஜின் தீண்டியது என்பாரும் உளர். இன்னும் சிலர், ஈமான் உறுதியாக இருந்தால் இப்படிப் பயம் வருமா என்று கேட்டுவிடுவர். இக்கடைசிச் சொல்லே மிகக் கொடியது. நோயோடு குற்றவுணர்வையும் அது ஏற்றிவிடுகிறது. ஜும்ஆத் தொழுகைக்குச் சென்றால் கடைசி வரிசையில் வாயிலோரமாக நிற்பவர், கலியாண வீட்டுக் கூட்டத்தைக் கண்டு திரும்பிவிடும் பெண், தறியில் அமர்ந்தால் மூச்சடைக்கிறது என்று எழுந்துவிடும் நெசவாளி, பரீட்சை மண்டபத்தின் வாயிலிலே கால் நடுங்கி நிற்கும் மாணவன் ஆகிய இவர்களுக்குக் குறைந்தது நம்பிக்கையன்று. இவர்களது உடம்பின் அபாய மணி தவறான நேரத்தில் ஒலிக்கிறது, அவ்வளவே.

இவ்வாறு நோக்குவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. கி. பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் இஸ்லாமிய அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக வைத்து எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் நோய் வரும் என்றும், ஒன்று மற்றதைத் தாக்கும் என்றும் அவர் விளக்கினார். அச்சத்தை ஒரு தனி நோயாகவே எடுத்து ஆராய்ந்தார். அவசரத்துக்கு உதவும் மருந்தைச் சுகமாயிருக்கும்போதே வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்க்க அறிஞர் நோய் என்று கண்டதை, இன்று நாம் ஈமானின் குறை என்று கூறுவது தகுமா?

கடற்பயமும் பீதி நோயும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதியை நம் பகுதியார் மறக்கமாட்டார்கள். இலங்கையில் அன்று மிகுந்த உயிர்ச்சேதத்தைக் கண்டது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். அதன்பின் 2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நில நடுக்கம் உண்டாகி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்பகுதி நோக்கி ஓடினர். அன்று பேரலை வரவில்லை. ஆயினும் அவ்வோட்டத்தை நோய் என்று எவரும் சொல்லார். கண்ட அபாயத்தை நினைவில் வைத்து உயிரைக் காக்கும் அறிவு அது.

பீதி நோயோ வேறு. கடலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, ஓடவேண்டிய காரணம் எதுவுமே இல்லை. எனினும் உடம்பு மட்டும் ஓடுவதற்கு ஆயத்தமாகி நிற்கிறது. கடற்கோளிற் கண்ட காட்சிகள் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்து வருத்துவது மனவடு நோய் எனப்படும், அது பிறிதொன்று. இரண்டும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருத்தலும் உண்டாதலால், எது எதுவென்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. பழைய நிகழ்ச்சிகளை மறைக்காமல் அவரிடம் சொல்லுவது நம் வேலை.

மேலைநாட்டாரும் இந்நோயை நெடுங்காலம் இருதயத்திலேயே தேடினர். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படபடப்பாலும் மூச்சுத் திணறலாலும் வருந்திய முந்நூறு போர்வீரரை ஆராய்ந்த டா கொஸ்ற்றா என்னும் வைத்தியர், 1871இல் அதனை எரிச்சலுற்ற இருதயம் என்று வருணித்தார். அதே ஆண்டில் பேர்லின் நகரத்து வெஸ்ற்பால் என்பார், திறந்த சதுக்கங்களைக் கடக்க அஞ்சி நடுங்கிய மூவரைப் பற்றி எழுதினார். ஒருவர் நெஞ்சைக் கண்டார்; மற்றவர் அச்சத்தைக் கண்டார். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாகலாம் என்பது தெளிவாக மேலும் நூறாண்டு சென்றது. பீதி நோய் என்ற தனிப்பெயரோடு அமெரிக்க மனநோய் வைத்தியரின் நோய்ப் பட்டியலில் இது ஏறியது 1980இல்தான். அப்பெயர் கிடைப்பதற்கு வழி திறந்ததே ஒரு மருந்து. அக்கதையை வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், அறிந்துகொள்ளல் வேண்டும்.

தாதியர் கண்ட உண்மை

சுவிற்சலாந்திலே மூன்ஸ்ற்றர்லிங்கன் என்னும் ஏரிக்கரை ஊரின் மனநோய் வைத்தியசாலையில் றோலன்ட் கூன் என்ற வைத்தியர் இருந்தார். வேறொரு நோய்க்கென்று பரீட்சிக்கப்பட்ட ஒரு மருந்தை 1956இல் மனச்சோர்வு கொண்டோருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் தேறக் கண்டார். 1957இல் அதை உலகுக்கு அறிவித்தார். இமிப்பிரமின் என்பது அம்மருந்தின் பெயர். மனச்சோர்வு நீக்கி என்று நாம் இன்று அழைக்கும் மருந்துகளுக்கு முன்னோடியாக விளங்கியவற்றுள் அதுவும் ஒன்று.

நியூயோர்க் நகரத்து ஹில்சைட் வைத்தியசாலையிலே டொனால்ட் கிளைன் என்னும் இளம் வைத்தியர் இருந்தார். திடீர்த் திகிலால் துன்புற்ற நோயாளர் சிலர் அங்கு தங்கியிருந்தனர். அக்காலத்து மருந்துகள் அவர்களுக்குப் பயன் தரவில்லை. மாதக்கணக்கிற் பேசிப் பார்த்த சிகிச்சையும் பயன் தரவில்லை. 1959 அளவில் கிளைன் இமிப்பிரமினைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வாரம் சென்றது. நோயாளியைக் கேட்டால் குணமில்லை என்கிறார்; அவரைக் கவனித்து வந்த வைத்தியரும் குணமில்லை என்கிறார். மூன்றாம் வாரத்தில், குணமுண்டு என்று சொன்னவர்கள் விடுதித் தாதியர்!

அவர்கள் கண்டது இதுவே. அந்நோயாளி அதுவரை நாடோறும் பல தடவை தாதியர் அறைக்கு ஓடிவந்து, சாகப்போகிறேன் என்று அலறுவார். தாதியர் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி அனுப்புவர். இப்போதோ சில நாட்களாக அவர் ஓடிவரவே இல்லை. அவரிடம் கேட்டபோது, பயம் இன்னும் இருக்கிறது என்றே சாதித்தார். ஓடிவருவதை நிறுத்திவிட்டதை அவரே கவனிக்கவில்லை!

இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து கிளைன் பெரிய உண்மையொன்றை உய்த்துணர்ந்தார். திடீரென மேலிடும் தாக்கம் ஒன்று. அது மறுபடி வருமோ என்று எந்நேரமும் உள்ளே கிடந்து அரிக்கும் கவலை மற்றொன்று. மருந்து முதலில் தாக்கத்தை அடக்குகிறது. கவலை பின்னரே மெல்ல மெல்ல விலகுகிறது. 1962இலும் 1964இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வேற்றுமையை நிலைநாட்டின. 2019இல் அவர் காலமானார்.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? குணத்தின் முதல் அடையாளம் நோயாளியின் கண்ணுக்குப் படுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கே படும். வைத்தியசாலையில் தாதியர் செய்த வேலையை வீட்டிலே உம்மாவும் ராத்தாவும் வாப்பாவும் காக்காவும் செய்யவேண்டும்.

மருந்து ஏன் முதலிற் கலக்குகிறது?

அன்று இமிப்பிரமின், இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுவன புளுவொக்ஸெற்றின், சேர்ற்றலின், பறொக்ஸெற்றின் முதலான பிற்கால மருந்துகள். இவற்றுள் புளுவொக்ஸெற்றின் 1987இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. பீதி நோய்க்கென அந்நாட்டில் 1996இல் அனுமதி பெற்றது பறொக்ஸெற்றின். மனச்சோர்வு நீக்கி என்ற பெயரைக் கண்டு, எனக்குச் சோர்வில்லையே, இதை ஏன் தந்தார் என்று மயங்க வேண்டியதில்லை. பெயர் பழைய பயன்பற்றி வந்தது. பதகளிப்பு நோய்களுக்கும் இவையே இன்று முதல் மருந்துகள்.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனப் பொருள்களுள் செரற்றோனின் ஒன்று. ஓரணு வெளியிட்டதை அதே அணு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். இம்மருந்துகள் அவ்வுறிஞ்சலைத் தடுப்பன. தடுப்பது முதல் மாத்திரையிலேயே, சில மணி நேரத்துள் தொடங்கிவிடும். ஆனால் இரசாயனம் திடீரென மிகுந்ததை உணர்ந்த அணு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இந்த இழுபறி தீர்ந்து புதிய ஒழுங்கு அமைவதற்கு இரண்டு மூன்று வாரமாகும் என்று ஆராய்ச்சியாளர் விளக்குவர். இதில் இன்னும் ஆராய வேண்டியவை உள.

வயற்காணி உள்ளோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்து கிடந்த வாய்க்காலில் நீரைத் திறந்துவிட்டால் முதலில் வருவது தெளிந்த நீரன்று. சேறும் சருகும் கலந்த கலங்கலே வரும். அதைக் கண்டு மதகை மூடிவிடுவாரில்லை. சற்றுப் பொறுத்தால் தெளிநீர் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

மருந்தின் கலங்கல் எத்தகையது? ஓரிடத்தில் இருக்கவொட்டாத பரபரப்பு, உறக்கமின்மை, உள்நடுக்கம், குமட்டல், வயிற்றோட்டம், தலைவலி, வியர்வை ஆகியவை முதல் நாட்களில் தோன்றலாம். பிறருக்கு இது சிறு தொல்லை. பீதி நோயாளருக்கோ பெருந்தொல்லை. ஏனெனில் மருந்தின் படபடப்புக்கும் நோயின் படபடப்புக்கும் ஒரே முகம். நெஞ்சு சற்று வேகமாக அடித்தாற் போதும், இதோ வந்துவிட்டது என்று அவர் மனம் முடிவுகட்டும். அம்முடிவே மேலும் படபடப்பை வளர்க்கும். உடம்பின் சிறு மாறுதலைப் பேரபாயம் என்று பொருள்கொள்வதே இந்நோயின் வேர் என்று ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க் 1986இல் எடுத்துக்காட்டினார்.

இந்த ஆரம்பக் கலக்கத்தைக் கிளைனே கண்டிருந்தார். 1988இல் அமெரிக்காவில் போல், எரகனி முதலிய வைத்தியர்கள் பீதி நோயாளரிடத்தில் இதனைத் தனியே ஆராய்ந்து எழுதினர். எத்தனை பேருக்கு இது நேர்கிறது? முன்னைய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 2009இல் வெளியான ஒரு மதிப்பீடு, நூற்றுக்கு 4 முதல் 65 வரை என்று கூறியது. கணக்கு இவ்வளவு விரிந்திருப்பதன் காரணம், கலக்கத்தை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லாமையே. ஆகவே சிலருக்கு இது வரவே வராது. வேறு சிலருக்கு நன்றாகவே வரும். வந்தாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

மதகை மெல்லத் திறந்தால் கலங்கலும் குறையுமன்றோ? வைத்தியரும் அவ்வாறே செய்வர். மனச்சோர்வுக்கு 50 மில்லிகிராமில் தொடங்கும் சேர்ற்றலினைப் பீதி நோயாளர்க்கு முதல் வாரம் 25 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். 20இல் தொடங்கும் புளுவொக்ஸெற்றினை 10இல் தொடங்குவர். இமிப்பிரமினையும் 10 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றுவர். வைத்தியர் குறைந்த அளவு தந்தது கஞ்சத்தனமன்று. விரைந்து குணமாகட்டும் என்று தாமே அளவைக் கூட்டிக்கொள்வது பெருந்தவறு. கலக்கம் பொறுக்கவொண்ணாததாயின், நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் செல்லவேண்டும். அளவைக் குறைப்பது, வேளையை மாற்றுவது, வேறு மருந்து கொடுப்பது என்று அவரிடம் பல வழிகள் உண்டு.

குணம் வரும் ஒழுங்கு

குணம் மூன்று படிகளில் வரும். முதலாவதாகத் தாக்கங்கள் குறையும். நாளுக்கு மூன்று முறை வந்தது ஒன்றாகும். வந்தாலும் முன்போல் ஓங்காது. இதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் வரை செல்லலாம். இரண்டாவதாக, வருமோ என்ற கவலை மெல்லத் தளரும். முழுப்பயனைக் காண இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும். மூன்றாவது படியே கடினமானது. கடைத்தெருவுக்குப் போகாமலும், பஸ்ஸில் ஏறாமலும், தனியே இராமலும் பழகிப்போன வழக்கம், மாத்திரையால் மட்டும் மாறாது. அஞ்சிய இடத்துக்குச் சிறுகச் சிறுகச் சென்று பழகவேண்டும். இன்று சந்தி வரை. நாளை சந்தை வரை. அடுத்த கிழமை மட்டக்களப்பு வரை.

இப்பயிற்சியையும், உடம்பின் சைகைகளுக்குச் சரியான பொருள் கொள்ளும் முறையையும் கற்பிக்கும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்பது மருந்துக்கு ஈடாகவே பயன் தருவது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மருந்து வேண்டாதவர்க்கு அதுவே போதியதாகவும் அமையலாம். சேர்த்துச் செய்வதும் நன்று. குணமடைந்த பின்னரும் ஏறக்குறைய ஓராண்டு மருந்தைத் தொடரச் சொல்வர். நிறுத்தும்போதும் படிப்படியாகவே குறைத்து நிறுத்தவேண்டும். சடுதியாக விட்டால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வும், எரிச்சலும் உண்டாகலாம்.

வீட்டார் செய்யவேண்டியவை

பெண்மக்கள் மணமான பின்னும் தாய் வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்வது நம் கிழக்குக் கரையின் வழக்கம். உம்மாவும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருப்பது இந்நோய்க்கு ஒரு பெரும் வரம். ஆனால் அத்தனை பேரும் ஒரேயடியாகப் பதறினால் அதுவே சாபமாகிவிடும். ஒருவர் பதறாதிருந்தால் போதும். தாக்கம் வந்தபோது அருகிலமர்ந்து, “பயப்படாத மகள், டொக்டர் முன்னமே சொன்னதுதானே, கொஞ்ச நேரத்தில் தணிஞ்சிடும்” என்று அமைதியாகச் சொல்லும் உம்மாவின் குரல் அவ்வேளைக்குப் பேருதவி.

சிறு கொப்பியொன்றை எடுத்து, நாடோறும் தாக்கம் எத்தனை, எத்தனை நிமிடம், உறக்கம் எவ்வளவு என்று மூன்றே கணக்கை எழுதிவைக்க வேண்டும். “ஒரு குணமும் இல்லை” என்று நோயாளி சலித்துக்கொள்ளும் நாளில் அக்கொப்பியைப் புரட்டிக் காட்டலாம். வைத்தியருக்கும் அது நல்ல சாட்சி.

கடுஞ்சாயத் தேத்தண்ணீரும் கோப்பியும் இந்நோயாளருக்கு ஆகா. அவற்றிலுள்ள கபெயின் என்னும் பொருள் தானே தாக்கத்தைத் தூண்டவல்லது. ஓதிப் பார்ப்பதில் மன அமைதி காண்போர் காணட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தும்படி எவரும் சொல்லலாகாது. நோன்பு காலத்தில் மருந்து தடைப்படுமே என்றும் அஞ்சவேண்டாம். இவற்றுட் பல நாளுக்கொரு முறை மட்டும் உட்கொள்வனவாதலால், ஸஹர் வேளைக்கோ நோன்பு திறந்த பின்னைக்கோ மாற்றிக்கொள்ளலாம். றமழான் பிறக்குமுன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

இன்னுமொன்று. டயஸிபாம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி தருவன. ஆரம்ப நாட்களைக் கடப்பதற்காக வைத்தியர் சில வேளை அவற்றைச் சிறிது காலத்துக்குச் சேர்த்துத் தருவதுமுண்டு. ஆனால் அவை பழக்கத்தில் ஆழ்த்துவன. உடனே கேட்கிறது என்பதற்காக அதையே தொடர்ந்து வாங்கி விழுங்கி, மெதுவாய் வேலை செய்யும் உண்மை மருந்தைக் கைவிடுவது கூலியைப் பெற்று முதலை இழப்பதை ஒக்கும்.

பொறுக்கக் கூடாதவை

பொறுமை வேண்டும் என்றோம். எல்லாவற்றிலும் பொறுமை கூடாது. முதன்முறை நெஞ்சு நோவு வந்தவரை, குறிப்பாக நடுவயதைக் கடந்தவரை, இது பதகளிப்பே என்று வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. இருதயத்தையும் தைரொயிட் சுரப்பியையும் இரத்தத்தையும் வைத்தியர் பரிசோதித்த பின்னரே அம்முடிவுக்கு வரவேண்டும்.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் இளையோரைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். சிறுவரிடத்தும் பதின்பருவத்தாரிடத்தும் நடந்த ஆராய்ச்சிகளில், மருந்துண்டவருள் நூற்றுக்கு நால்வருக்கும், வெற்று மாத்திரை உண்டவருள் இருவருக்கும் தற்கொலை எண்ணம் அல்லது செய்கை தோன்றியது, எவரும் உயிரிழக்கவில்லை. இதனால் அமெரிக்க அரசு 2004இல் எச்சரிக்கை விதித்து, 2007இல் அதனை 24 வயது வரை நீட்டியது. எனவே பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, முன்னில்லாத மூர்க்கம் கொண்டாலோ, உறக்கமே இன்றி அளவிறந்த உற்சாகத்தோடு ஓயாது பேசினாலோ, மறுநாள் பார்ப்போம் என்று இராமல் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். மருந்துப் பெட்டி பெரியவர் கையில் இருப்பதும் நலம்.

கல்முனையிலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலைகளில் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அங்கு வெட்கப்படாமற் கேட்டால் மனநல வைத்தியரிடம் செல்லும் வழி தெரியவரும். இரவானாலும் பகலானாலும் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு தொலைபேசியிற் பேசலாம்.

மருந்துச் சீட்டை வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். முதல் இரு வாரத்தில் என்ன நேரலாம்? எது நேர்ந்தால் உடனே வரவேண்டும்? குணம் எப்போது தெரியத் தொடங்கும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த வீட்டில் மூன்றாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகாது. மூன்றாம் வாரம் வந்து சேரும்.